வீட்டுக் கூடத்தில் ஒரு காகிதக் கடை

டில்லியில் அரசாங்க ஊழியர் குடியிருப்பு ஒன்றில் எங்களுக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் தமிழ் அம்மையார் ஒருவர், ஒரு நாள் மாலை அச்சிட்ட ஒப்பந்தத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். சீட்டுப் பணம் இருபதாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். வாழ்த்து அட்டை செய்வதற்கு வேண்டிய வண்ணக் காகிதம், ரப்பர் முத்திரை, மை, பசை முதலியவற்றை வீட்டிலிருந்தபடியே விற்கும் தொழில் அது. தாளின் முதல் வரியே அவரைச் 'சுயேச்சை விற்பனையாளர்' என்று குறித்தது. 'சுயேச்சை' என்னும் சொல்லைப் பெயர்ப்பது எளிது. யார் எதிலிருந்து சுயேச்சை பெறுகிறார் என்று விளக்குவது எளிதன்று. அதற்கு இத்தொழிலின் வரலாற்றையே அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதனை நேயர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

சரக்கு வீடு தேடி வருவது நமக்குப் புதிதன்று. வளையல்காரரும் புடவைக்காரரும் திண்ணையில் மூட்டையை அவிழ்த்த காட்சியைக் கண்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆயின், ஒரு நிறுவனத்தின் சரக்கைச் சம்பளமின்றி, விற்பனைக்கு ஏற்ற கழிவை மட்டும் பெற்று, இல்லத்தரசிகளே விற்கும் ஏற்பாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளில்தான் பெருந்தொழிலாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் காகிதத்துக்கும் பழைய பங்கு ஒன்று உண்டு.

மார்க் ட்வெயின் என்னும் எழுத்தாளரை நேயர்கள் அறிவர். 1869-இல் வெளிவந்த அவருடைய முதல் பயண நூல், வீடுவீடாகச் சென்ற முகவர்கள் வாயிலாகவே பெரும்பாலும் விற்பனையாயிற்று. முகவரின் கையில் முழு நூல் இராது; மாதிரிப் புத்தகம் ஒன்றே இருக்கும். அதில் சில பக்கங்களும், சில படங்களும், பைண்டு வகைகளும் காணப்படும். இறுதியில், வாங்குவோர் பெயரை எழுதிக்கொள்ள வெற்றுப் பக்கங்கள் இருக்கும். இம்முகவர்களிற் பெண்களும் இருந்தனர். அதே ட்வெயின் 1873-இல், கத்தரித்த தாள்களையும் படங்களையும் ஒட்டிவைக்கும் புத்தகம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பக்கங்களில் முன்னமே பசை தடவியிருக்கும். நீரால் ஈரப்படுத்தினாற் போதும். வீட்டு வாயிலில் விற்பனை, வீட்டு மேசையில் காகிதக் கலை ஆகிய இரண்டும் ஒருவருடைய வாழ்விலேயே வந்து சேர்ந்தன எனலாம். அவை ஒரே தொழிலாக இணைவதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்நாளில் டேவிட் மக்கானல் என்பவர் புத்தக முகவராய் அலைந்து வந்தார். புத்தகத்தைவிடத் தாம் இனாமாகக் கொடுத்த வாசனைத் திரவியத்தையே இல்லத்தரசிகள் விரும்பக் கண்டு, 1886-இல் நியூயார்க்கில் வாசனைப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பீ அம்மையார் அதன் முதல் பெண் முகவரானார். அந்நிறுவனமே 1939-இல் ஏவான் என்று பெயர் மாற்றம் பெற்றது. பெண்களுக்கு வேலைவாய்ப்பு அரிதாயிருந்த அக்காலத்தில், அக்கம்பக்கத்தாருடன் கொண்ட பழக்கத்தையே முதலாகக் கொண்டு பொருளீட்டலாம் என்பது பெரியதொரு விடுதலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

ஆயினும் அழைக்காமல் கதவைத் தட்டுவோர் பெருகவே, மக்களுக்கு அலுப்பும் பெருகியது. 1931-இல் வயோமிங் மாநிலத்துக் கிரீன் ரிவர் என்னும் ஊர், வீட்டார் அழைப்பின்றி விற்க வருவதைக் குற்றமாக்கியது. பிற ஊர்களும் அவ்வாறே விதி செய்தன. 1951-இல், பத்திரிகைச் சந்தா சேர்த்த ஒருவர் தொடுத்த வழக்கில், அத்தகைய விதி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதவைத் தட்டலாகாது எனில், அழைப்பைப் பெற்றுக்கொண்டு உள்ளே செல்லலாமன்றோ? வீட்டுத் தலைவி ஒருத்தி தோழியரைச் சிற்றுண்டிக்கு அழைப்பாள். விற்பனையாளர் அங்கே பொருளைப் பயன்படுத்திக் காட்டுவார். விற்பனைக்கு ஏற்ப வீட்டுத் தலைவிக்குப் பரிசு கிட்டும். ஸ்டான்லி நிறுவனத்தார் கையாண்ட இம்முறையில் பயின்றவர் பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி. அவர் டப்பர்வேர் பிளாஸ்டிக் பாத்திரங்களை இவ்வாறு விற்றுக் காட்டிய திறத்தைக் கண்டு, அந்நிறுவனம் 1951-இல் அவரையே விற்பனைத் தலைவராக்கியது. கடைகளிலிருந்து சரக்கை விலக்கிக்கொண்டது. 1954-இல் ஒரு வணிக வார இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. 1958-இல் நிறுவனத்தார் அவரை நீக்கினர். பல்லாயிரம் பெண்களை விற்பனையாளராக்கிய அவருக்கு அந்நிறுவனத்தில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. ஓராண்டுச் சம்பளமே கைக்கு வந்தது.

இந்த வழியிலேயே காகிதமும் கூடத்துக்கு வந்தது. யூட்டா மாநிலத்தில் குடும்ப வரலாற்றை எழுதிக் காப்பதை மார்மன் சமயத்தார் கடமையாகவே கொண்டவர்கள். 1980-இல் சால்ட் லேக் நகரில் நடந்த ஆவண மாநாட்டில், மேரிலின் கிறிஸ்டென்சன் என்னும் அம்மையார் தம் குடும்பப் படங்களும் குறிப்புகளும் கொண்ட ஐம்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தார். அதுமுதல் இக்கலை நாடெங்கும் பரவலாயிற்று. அமிலம் கலந்த காகிதம் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். அதன்மேல் ஒட்டிய படத்தையும் கெடுக்கும். அமிலமில்லாத் தாளும் சாதாரணத் தாளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, அருகிலிருந்து விளக்கிச் சொல்லவும் செய்து காட்டவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1987-இல் கிரியேட்டிவ் மெமரீஸ் என்னும் ஆல்ப நிறுவனமும், 1988-இல் சகோதரியர் இருவர் தொடங்கிய ஸ்டாம்பின் அப் என்னும் ரப்பர் முத்திரை நிறுவனமும் இவ்வாறே எழுந்தன. பின்னது தன் விற்பனையாளரைச் 'செய்து காட்டுவோர்' என்றே அழைக்கிறது.

இத்தொழிலில் வருவாய்க்கு இரண்டு வாயில்கள் உண்டு. தாம் விற்ற சரக்கின்மீது கிடைக்கும் கழிவு ஒன்று. தாம் சேர்த்துவிட்டவர்களின் விற்பனைமீது கிடைக்கும் பங்கு மற்றொன்று. முதலாவது உழைப்பின் கூலி. இரண்டாவது, சரக்கு உண்மையாகவே பயன்படுத்துவோரைச் சென்றடையும் வரையில் நியாயமானது. சரக்கு விற்பனையாளர் வீட்டுப் பரணிலேயே தங்கி, புதியவர்கள் கட்டும் பணமே பழையவர்களுக்கு வருவாயாகுமாயின், அது வாணிபமன்று. 1979-இல் ஆம்வே நிறுவனத்தின் வழக்கை ஆராய்ந்த அமெரிக்க வாணிப ஆணையம், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதியும், மெய்யான வாடிக்கையாளர்க்கு விற்றாக வேண்டும் என்னும் விதியும் அதில் இருந்தமையைக் கருதியே, அது சட்டவிரோதமான கூம்புத் திட்டமன்று என்று முடிவு செய்தது. நேர்மையான நிறுவனத்திலும் இடர் உண்டு. கடன் சுமையாலும், படங்கள் ஆல்பத்தை விட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்ததாலும், கிரியேட்டிவ் மெமரீஸ் 2008-இலும் 2013-இலும் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. பின்னரே அது வேறு கைக்கு மாறி மீண்டது.

நம் நாட்டிலும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகளின்படி, சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் கேட்கலாகாது; கட்டாயமாகச் சரக்கை வாங்கச் செய்யலாகாது; சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் ஒப்பந்தத்தை விட்டு விலக இடந்தர வேண்டும்; விற்காத சரக்கைத் திரும்பப் பெற வழி வைத்திருக்க வேண்டும். விற்பனையாளரும் அடையாள அட்டையின்றியும் முன் இசைவின்றியும் பிறர் வீட்டுக்குச் செல்லலாகாது. கிரீன் ரிவர் வாசிகள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தானே?

இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மையாரின் தாளைப் படித்தேன். முதலில் இருபதாயிரத்துக்குச் சரக்கு எடுத்தாக வேண்டும் என்று ஒரு வாசகம் இருந்தது. திரும்பப் பெறுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'சுயேச்சை'யின் பொருள் அப்போது தெளிவாயிற்று. சம்பளம், விடுமுறை, சேமநிதி ஆகிய பொறுப்புகளிலிருந்து சுயேச்சை பெற்றது நிறுவனமே. நட்டத்தின் பொறுப்பு மட்டும் அவருடையது. "இந்தக் காகிதத்தை யார் வாங்குவார்கள் என்று பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள் அம்மா, நீங்கள் சேர்த்துவிடப் போகிறவர்கள் வேண்டாம், வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள்" என்றேன். விரல் விட்டு எண்ணினார். நான்காவது விரலோடு நின்றுவிட்டார்.

அவர் கையெழுத்திடவில்லை. சதர் பஜாரில் முந்நூறு ரூபாய்க்குக் காகிதம் வாங்கி வந்து, பொங்கல் வாழ்த்து அட்டைகள் செய்து, அந்த நால்வருக்கும் விற்றார். அவர்கள் வேறு மூவரை அழைத்து வந்தனர். சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணமே பெருஞ்செல்வம். வீட்டிலிருந்து விற்க முனைவோர் முதலில் பணயம் வைப்பது அதைத்தான். ஆதலால், தாளில் அச்சிட்ட வருவாயைக் கூட்டிப் பார்க்குமுன், வாங்கப்போகிறவர் யார் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது நலம்.