கண்டோர் கூற்று: இரவுப் பேருந்தில் ஓடிப்போன பெண்ணும் கூடலூர்ப் பார்வையாளர்களும்

1

சினிமா வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் எடுத்தவர்களின் வரலாறு. யார் இயக்கினார், யார் நடித்தார், எத்தனை நாள் ஓடியது. பார்த்தவர்கள் அதில் ஒரு எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். 'நூறு நாள்' என்கிற சொல்லுக்குள் அத்தனை பேரும் அடக்கம். கொட்டகையை விட்டு வெளியே வந்து அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தகுந்த விஷயமாகவே அது படவில்லை. இந்தக் கட்டுரை அப்படியான ஒரு பேச்சிலிருந்து கிளம்புகிறது.

கூடலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கோடை இரவு, கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டேன். ஃபிராங்க் காப்ரா 1934இல் இயக்கிய 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'. கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் நடித்தது. கூட்டம் பன்னிரண்டு பேர். விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் மூணு பேர், எங்கள் அப்பத்தா, திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற மாமா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். ஆங்கில வசனத்தை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். அந்த வேலை எனக்கு வாய்த்தது.

கதை இதுதான். எல்லி பெரும் பணக்காரரின் மகள். அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்பா அவளைத் தன் சொகுசுப் படகில் அடைத்துவைத்து, கல்யாணத்தை ரத்துசெய்யப் பார்க்கிறார். அவள் கடலில் குதித்துத் தப்பி, மயாமியிலிருந்து நியூயார்க் போகும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். பக்கத்து இருக்கையில் வேலை போன பத்திரிகைக்காரன் பீட்டர். வழியெல்லாம் சண்டை, பிறகு காதல். கடைசியில், பழைய மாப்பிள்ளையோடு ஊரறியக் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில், மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற அப்பாவே காதோடு சொல்கிறார்: கார் நிற்கிறது, போ என்று.

படம் முடிந்ததும் அப்பத்தா சொன்னது: "இம்புட்டுச் சொத்து வச்சிருக்கவன் இப்படி ஒரு அப்பனா இருக்கான். இங்க ஒண்ணுமில்லாதவன்தான் அருவாளத் தூக்கிட்டு வர்றான்."

ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் மீது வைக்கப்பட்ட இந்த ஒற்றை வாக்கியத்தை நான் விமர்சனம் என்றே கொள்கிறேன்.

2

அந்தப் படத்தின் வரலாறே பார்வையாளர் பேச்சின் வரலாறுதான். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1933இல் பத்திரிகையில் எழுதிய 'நைட் பஸ்' என்ற கதையை வைத்து ராபர்ட் ரிஸ்கின் திரைக்கதை எழுதினார். எடுத்தது கொலம்பியா, அன்றைக்குச் சின்னக் கம்பெனி. கோல்பெர்ட்டுக்குப் படத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது. 1934 பிப்ரவரியில் வெளியானபோது பெருநகரத்து முதல் வெளியீட்டு அரங்குகளில் பெரிய பரபரப்பு இல்லை. இரண்டாம் சுற்றில் சின்ன ஊர்க் கொட்டகைகளுக்குப் போன பிறகுதான் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி. மறு ஆண்டு சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களும் அதற்கே. அப்படி ஐந்தையும் வாங்கிய முதல் படம் அது.

அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டுக் கிடந்தவர்கள். பேருந்தில் நெருக்கியடித்துப் போவது, பசியில் மயங்கி விழும் தாய், காட்டில் பிடுங்கித் தின்னும் பச்சைக் கேரட் எல்லாம் அவர்களுடைய அன்றாடம். பணக்காரி ஒருத்தி அதற்குள் இறங்கி வந்து பாடம் படிக்கிறாள் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். வர்க்க முரண்பாட்டைக் காதலால் பூசி மெழுகுகிற பிரதி என்று நாம் எழுதிவிடலாம். தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லி முடித்துக்கொண்டால், பார்த்தவர்கள் அதில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது விட்டுப்போகும்.

எங்கள் மொட்டைமாடியில் ஒரு உதாரணம். டோனட்டைக் காப்பியில் எப்படி முக்கி எடுப்பது என்று பீட்டர் எல்லிக்குச் சொல்லித்தருகிற காட்சி உலகப் புகழ் பெற்றது. தோட்ட வேலைக்குப் போகிற அயித்தை ஒருத்தி சிரித்துவிட்டுச் சொன்னார்: "வர்க்கிய டீயில முக்குறதுக்கு வாத்தியாரா? நாங்க தினம் ஜீப்புக்கு நிக்கிறப்ப செய்யிற வேலை." பீட்டர் ஏழைகளின் பிரதிநிதியாக நின்று பேசுகிறான், அந்தப் பிரதிநிதித்துவத்தை ஒரு சிரிப்பால் அவர் தள்ளிவிட்டார்.

3

இந்தக் கதை இந்தியாவுக்கு வந்த வழியில் சென்னை இருக்கிறது. ஏ.வி.எம். நிறுவனம் 1956இல் ராஜ்கபூர், நர்கீஸை வைத்து எடுத்த 'சோரி சோரி' இதன் தழுவல். பத்து வருஷம் கழித்து 1966இல் கே.சங்கர் இயக்கத்தில், ஜி.என்.வேலுமணி தயாரிப்பில் 'சந்திரோதயம்'. வீட்டை விட்டு வெளியேறும் செல்வந்தர் மகளாக ஜெயலலிதா, பத்திரிகையாளராக எம்.ஜி.ஆர்., பத்திரிகை முதலாளியாக எம்.ஆர்.ராதா. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' அதற்குத் தூண்டுதல் என்பது தெரிந்த விஷயம்தான். எம்.ஜி.ஆர். திரைக்கு வந்ததே எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'சதி லீலாவதி'யில் (1936) என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கடல் கடந்து வந்த கதையில் எது கழன்று விழுந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். காப்ராவின் எல்லி சட்டப்படி கல்யாணமானவள். ஒருவனுக்கு மனைவியாக இருந்துகொண்டுதான் அடுத்தவனோடு ஊர் ஊராகப் போகிறாள். இந்தியப் பிரதிகளில் அந்தக் கல்யாணம் இல்லை. 'சோரி சோரி'யில் அவள் ஒரு விமானியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவள், அவ்வளவுதான். தமிழிலும் நாயகி கன்னியாகத்தான் கிளம்புகிறாள். ஒரு பெண் வீட்டை விட்டு ஓடலாம். ஆனால் கழுத்தில் தாலி ஏறியபின் ஓடினால் அவள் நாயகி அல்ல. இது யாரும் எழுதி வைக்காத சட்டம். எந்தத் தணிக்கைக் குழுவும் சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடித்த சட்டம்.

இன்னொன்றும் நடந்தது. நாயகன் வளர்ந்தான். கேபிளின் பீட்டர் குடித்துவிட்டு உளறுகிறவன், வேலை போனவன். எம்.ஜி.ஆர். அப்படி இருக்க முடியாது. அவர் பத்திரிகை தர்மத்தைக் காப்பாற்றி, அநீதியைத் தட்டிக்கேட்க வேண்டும். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் வந்த தன் எம்.ஜி.ஆர். நூலில் இந்த நாயக பிம்பத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். செல்வமும் செருக்குமுள்ள பெண்ணை அடித்தட்டுக்காரனாக வரும் நாயகன் வசப்படுத்துவது அந்த பிம்பத்தில் முக்கியமான கண்ணி. காதல் நகைச்சுவை தமிழில் அரசியல் கதையாடலாக மாறிப்போனது.

மாறியது எவ்வளவு தூரம் என்பதற்கு எங்கள் ஜில்லாவே சாட்சி. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். போட்டியிட்டது ஆண்டிபட்டியில். அன்று அது மதுரை மாவட்டம். அவர் இருந்தது நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். எல்லியின் பேருந்து போய்ச்சேர வேண்டிய அதே ஊர். அவர் படுக்கையில் இருந்த வீடியோ படம் இங்கே காட்டப்பட்டது, ஜெயித்தார். 2002 இடைத்தேர்தலிலும் 2006இலும் அதே ஆண்டிபட்டியில் ஜெயலலிதா ஜெயித்தார். இரவுப் பேருந்துக் கதையின் தமிழ் ஜோடி இரண்டு பேரும் இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனார்கள்! பார்வையாளர்கள் அப்படித்தான் வாக்காளர்கள் ஆனார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அப்பத்தா இரட்டை இலைக்கே போட்டவர். ஆனால் 'சந்திரோதயம்' பற்றிக் கேட்டால், "அதுல அந்தப் புள்ள தனியா வெளிய வந்துச்சு பாரு, அதான் ஞாபகம்" என்கிறார். எம்.ஜி.ஆரை அவர் சொல்லவே இல்லை.

4

காப்ரா படத்தில் எல்லாரும் பேசுகிற காட்சி போர்வைக் காட்சி. விடுதி அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான் பீட்டர். பைபிளில் எக்காளம் ஊதியதும் இடிந்துவிழுமே, அந்த ஜெரிகோ சுவர் என்று அதற்குப் பெயர். கடைசிக் காட்சியில் விளையாட்டு எக்காளம் ஒலிக்கிறது, போர்வை விழுகிறது. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஹாலிவுட் ஒழுக்க விதிகளைக் கறாராக அமலாக்கத் தொடங்கியது. விதி இறுகுமுன்பே வந்த படம், மறைத்துக் காட்டும் வித்தையை முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிட்டது.

எங்களுக்கு அந்தச் சுவர் புதிதில்லை. டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் ஒரு தட்டி. கா.சிவத்தம்பி 1981இல் எழுதினார்: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகை, இடம் சாதியால் அல்ல, கொடுத்த காசால் தீர்மானமானது. பெரிய உடைப்பு அது, மறுக்கவில்லை. ஆனால் சாதிச் சுவர் தளர்ந்த இடத்திலும் ஆண்-பெண் தட்டி நின்றது. இரண்டும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்பதை நாம் பேசவில்லை. பெண் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்பதற்குத்தானே சாதியே காவல் நிற்கிறது?

போர்வையைப் பார்த்ததும் இன்னொரு அயித்தை சொன்னார்: "ஒத்த ரூம்பு வீட்டுல கல்யாணமான மறுநாள் எங்க மாமியா சேலையத்தான் கட்டுச்சு." அங்கே சேராமல் இருக்கக் கட்டியது, இங்கே சேர்ந்திருக்கக் கட்டியது. துணி ஒன்றுதான்.

அதிகம் சிரித்தது துப்பறிவாளர்கள் அறைக்குள் வரும் காட்சிக்கு. சந்தேகம் வராமலிருக்க இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி கத்திச் சண்டை போடுகிறார்கள். வந்தவர்கள் உடனே நம்பிப் போய்விடுகிறார்கள். "சண்டை போட்டாத்தான் புருசன் பொண்டாட்டின்னு வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு." ஆனால் கடைசிப் பகுதியில், இவளைத் தினம் ஒரு அறை வைக்கிற ஒருத்தன்தான் கட்டவேண்டும் என்று அப்பாவிடமே பீட்டர் சொல்லும்போது நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தான்" என்றது ஒரு குரல். மாமா மட்டும் அவன் பக்கம். பத்தாயிரம் டாலர் பரிசை விட்டுவிட்டு, தான் செலவழித்த 39 டாலர் 60 சென்டை மட்டும் கேட்கிறானே பீட்டர், அதற்காக. "கணக்குச் சுத்தமா இருக்கவன நம்பலாம்." வியாபாரியிடம் திராட்சை போட்டு ஏமாந்தவரின் அழகியல் இது.

5

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு எல்லியின் ஓட்டம் உடன்போக்குதான். உடன்போக்கில் தலைவன், தலைவி, செவிலி மட்டுமா பேசுகிறார்கள்? வழியில் பார்க்கிறவர்களுக்கும் தொல்காப்பியர் இடம் வைத்திருக்கிறார்: கண்டோர் கூற்று. பொழுது போய்விட்டது, வழி பயம், எங்கள் ஊர் பக்கம்தான், தங்கிப் போங்கள் என்று ஓடிப்போகிற ஜோடிக்குச் சொல்கிறவர்கள். பாலைக்கலியில் மகளைத் தேடிவரும் செவிலியிடம், அவள் செய்தது அறம்தான் என்று எடுத்துச்சொல்கிறவர்களும் வழியில் எதிர்ப்பட்டவர்களே. எங்கள் மலை மேலே மங்கலதேவி கோட்டம் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குப் பளியங்குடி வழியாக ஏறிப்போவோம். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக மலையேறி வந்த ஒரு பெண்ணை வேங்கை நிழலில் பார்த்த குறவர்கள், பார்த்ததைச் சொன்னதில்தான் வஞ்சிக்காண்டம் கிளம்புகிறது. ஒரு காப்பியத்துக்கே கண்டோர் கூற்று ஆதாரம்.

ஆனால் கண்டோர் எல்லாரும் அப்படியில்லை. காப்ரா படத்துப் பேருந்தில் ஷேப்லி என்று ஒருவன். பேப்பரில் எல்லியின் படத்தைப் பார்த்துவிட்டு, பரிசுப் பணத்தில் பங்கு கேட்டு வருகிறான். பீட்டர் தன்னைக் கொள்ளைக் கூட்டத்துக்காரன் என்று மிரட்டி அவனை ஓடவைக்கிறான். எல்லாரும் கைதட்டிச் சிரித்தோம்.

ஒருத்தி சிரிக்கவில்லை. தோட்டத்துக்குப் போகிற மூணு பேரில் ஒருவர். எனக்கு மதினி முறை. இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு ராத்திரி பஸ் ஏறியவர். மதுரை தாண்டவில்லை. பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருத்தர் பார்த்து, இறங்கிப் போன் பண்ணி, கூட்டிவந்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் வேறிடத்தில் கல்யாணம். அந்தப் பையன் இந்தப் பக்கம் வருவதில்லை. கூட்டிவந்த அன்று தெருவே கூடி ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னது. பள்ளிக்கூடத்துப் பையனாக நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு கூற்றுதான் என்று இப்போது தெரிகிறது.

எல்லாரும் எழுந்து போனபின் மதினி வேட்டியை மடித்துக்கொடுத்தபடி சொன்னார்: "அந்த ஆளு பத்தாயிரத்துக்கு ஆசப்பட்டுக் காட்டிக்கொடுக்கப் பாத்தான். என்னையப் பாத்தவருக்கு யாரும் ஒரு பைசா குடுக்கல தம்பி. சும்மாதான் சொன்னாரு."

எத்தனையோ கோட்பாடு படித்திருக்கிறேன். சாதி என்பது கூலி வாங்காமல் வேலை செய்கிற கண்களால் ஆனது என்பதை இவ்வளவு துல்லியமாக எதிலும் படித்ததில்லை. அமெரிக்கப் படத்தில் அப்பா காரை நிறுத்தி வைக்கிறார். தமிழ்ப் படத்தில் எம்.ஜி.ஆர். வந்து சேர்கிறார். இரண்டுமே இல்லாத நிஜத்தில், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதுதான் கதையை முடிக்கிறது. வழி பயம், எங்கள் ஊர் பக்கம்தான், தங்கிப் போங்கள் என்று சொல்லத் தெரிந்திருந்த ஒரு மொழி நம்முடையது.