மார்ட்டின் ரிங்கார்ட்டும் ஒரு நன்றி மன்றாட்டும்

மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649) ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த லுத்தரன் போதகர், பாடலாசிரியர். முல்டே ஆற்றங்கரையில் உள்ள ஐலன்பர்க் நகரில், பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். லைப்சிக்கில் படித்து, 1617இல் சொந்த ஊருக்கே போதகராகத் திரும்பினார். மறு ஆண்டே முப்பதாண்டுப் போர் (1618–1648) தொடங்கியது. பள்ளி வரலாற்று நூல்கள் ஒரே பத்தியில் கடந்துவிடும் போர் இது. அவருக்கோ அதுவே வாழ்நாளாயிற்று.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த நகரம். சுற்றுப்புற மக்கள் அடைக்கலம் தேடி அங்கே குவிந்தனர். 1637இல் கொள்ளைநோய் பரவியது. தலைமைப் போதகர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வேறு இரு போதகர்கள் நோயில் இறந்தனர். எஞ்சிய ரிங்கார்ட் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேருக்குக் கூட அடக்கச் சடங்கு நடத்த வேண்டியிருந்தது. மொத்தம் சுமார் 4,480 பேர் என்று கணக்கிடுகின்றனர். அவருடைய மனைவியும் அவர்களுள் ஒருவர். தொடர்ந்து பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காக்கைக்கும் மக்கள் தெருவில் அடித்துக்கொண்டனர். தம் பிள்ளைகளின் சோற்றுக்காக ரிங்கார்ட் வருங்கால வருமானத்தையே அடகு வைத்தார். அப்போதும் வாசலுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை.

பின்னர் சுவீடன் படை நகரிடம் 30,000 தாலர் கேட்டது. ரிங்கார்ட் கெஞ்சியும் தளபதி இணங்கவில்லை. இனி மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று மக்களைத் திரட்டி, முழந்தாளிட்டு வேண்டினாராம். அதைக் கண்ட தளபதி 2,000 நாணயங்களுக்கு இறங்கி வந்ததாக மரபு கூறுகிறது.

அவரது புகழ்பெற்ற படைப்பு 'நுன் டாங்கெட் அல்லே காட்' என்னும் நன்றிப் பாடல். தாய் மடியிலிருந்தே நன்மை செய்துவரும் கடவுளுக்கு நன்றி சொல்லி, மகிழ்ச்சியான உள்ளமும் சமாதானமும் கேட்பது அதன் பொருள். உணவு மேசையில் பிள்ளைகள் சொல்வதற்காக எழுதப்பட்டது. 1648 சமாதான உடன்படிக்கைக்காக எழுதியது என்று பலர் சொல்வது பொருந்தாது. யோகான் குரூகர் 1647இலேயே அதை இசையுடன் அச்சிட்டுவிட்டார். கொள்ளைநோய்க்கு முன்பே, 1636 அளவில் எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சவக்குழியருகே எழுதினார் என்ற கதைதான் உருக்கமானது. ஆனால் நல்ல நாளில் எழுதிய நன்றியை மனைவியை இழந்த வீட்டிலும் அவர் கைவிடவில்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

முதல் இரு சரணங்களுக்கும் மூலம் சீராக்கின் ஞானம் நூலின் 50ஆம் அதிகாரம். கத்தோலிக்க விவிலியத்தில் அதைக் காணலாம். சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்நூல் இல்லை.