கணினி வந்தபிறகு வாத்தியார் எதற்கு?

இன்று கொஞ்சம் சதுரங்க வரலாறு. சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் விளையாட்டுப் பயிற்சியாளருக்கு வேலை இருக்குமா என்று இப்போது கேட்கிறார்கள். சதுரங்கத்தில் இந்தக் கேள்விக்கு வயது 25க்கு மேல். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது. சாம்பியனே தோற்றபின் வாத்தியார் எதற்கு? ஆனால் நடந்தது வேறு. அன்று நம் நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று 80க்கு மேல். பயிற்சியாளர்களும் பெருகினார்கள். ஆர்.பி.ரமேஷ் சென்னையில் செஸ் குருகுலம் தொடங்கியதே 2008இல்தான். பிரக்ஞானந்தா வளர்ந்தது அவரிடம்.

அதற்கு முந்தைய காலத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் முயற்சியில், 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. அம்மாவிடம் ஆட்டம் கற்ற சிறுவன் ஆனந்துக்கு எதிரே உட்கார ஆள் கிடைத்தது அங்கேதான். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். காரைக்கால் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஏது? சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நம் பள்ளியில் இருந்தது ஒரே பலகை, அதிலும் ஒரு யானைக்குப் பதில் சோடா மூடி! (நினைவிருக்கிறதா?) இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல் இலவசமாகக் கைப்பேசிக்கே வருகிறது. உலக சாம்பியனைவிட நன்றாக ஆடும். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தனக்குத்தானே ஆடிப் பழகி, அந்த ஸ்டாக்ஃபிஷையே தோற்கடித்த செய்தி வந்தது. அதே 2017இல்தான் சென்னையில் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் என்ற சிறுவனுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு வரும்வரை பிள்ளையைக் கணினி நிரல் பக்கமே விடவில்லை. தானே கணக்குப் போட்டுப் பழகட்டும் என்றார். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை கையில் கால்குலேட்டர் கொடுக்காதே என்று நாம் சொல்வோமே, அதேதான். 12 வயதில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர்.

2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனுடன் உலகப் போட்டி. இரு தரப்பிலும் கணினி உண்டு. குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், 12ஆவதிலும் தோற்றார். அவருக்கு மனப்பயிற்சி தந்தவர் பாடி அப்டன், 2011இல் உலகக்கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். 14ஆவது ஆட்டத்தில் டிங் யானையைத் தவறாக நகர்த்த, 18 வயதில் குகேஷ் சாம்பியன். அந்தத் தவறு எந்தக் கணினிக்கும் நொடியில் தெரியும். நாலு மணி நேரம் சளைக்காமல் உட்கார்ந்து அதற்குக் காத்திருந்தது பிள்ளை.

இங்கே உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் என் மாணவர் ஒருவர், மகனுக்குச் செயலி போதுமா, ஆள் வேண்டுமா என்று கேட்டார். மாதச் சம்பளத்தில் அது சின்னக் கேள்வி இல்லை. புதிர் போடச் செயலி போதும் தம்பி, தோற்று வரும் நாளில் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும், முதலில் நீயே உட்கார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் பலகை விரித்து வைத்திருப்பேன், பிள்ளைகளை அனுப்புங்கள்.