பிள்ளைத்தமிழில் இசையும் குழந்தை வளர்ச்சியும்

பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடும் சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் கிடைக்கும் பழைய தனிநூலாகக் கருதப்படுகிறது. குழந்தையின் வளர்ச்சியில் இசைக்குத் தமிழ் மரபு அளித்த இடத்தை இதன் பருவப் பகுப்பு காட்டுகிறது.

காப்பை அடுத்த செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. தாலில் தாலாட்டுக் கேட்கிறது. சப்பாணியில் கைகொட்டுகிறது. முத்தத்தை அடுத்த வருகையில் நடக்கிறது. பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் வேறுபடினும், கேட்கும் நிலையிலிருந்த குழந்தை தானே தாளம் எழுப்பும் நிலைக்கு வருவது சப்பாணியிலாகும். கைத்தாளம் நடைக்கு முன் வைக்கப்பட்டிருப்பது குழந்தையை உற்றுநோக்கியதன் விளைவெனலாம்.

அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. பின்வரும் மூன்றும் வேறுபடுகின்றன. 17ஆம் நூற்றாண்டினரான குமரகுருபரரின் நூல்கள் இரண்டை ஒப்பிட்டால் இது புலனாகும். முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் சிறுபறை, சிற்றில், சிறுதேர் ஆகியனவும், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியனவும் இடம்பெறுகின்றன. அம்மானையும் ஊசலும் பாட்டோடு இயைந்த விளையாட்டுகளே. எனினும், இசைக்கருவி ஆண்குழந்தையின் கைக்கே தரப்படுகிறது.

பாட்டுடைத் தலைவர் பெரும்பாலும் அரசரோ தெய்வமோ ஆதலின், இப்பாடல்களை இல்லங்களின் குழந்தை வளர்ப்பு முறைக்கு நேரடிச் சான்றாகக் கொள்ளவியலாது. தொடக்கக் குழந்தைப் பருவக் கல்வியின் வரலாற்றுக்குப் பிள்ளைத்தமிழைத் துணைக்கொள்வோர், அதன் வளர்ச்சி வரிசையைப் போற்றுவதோடு நில்லாது, அவ்வரிசை இரண்டாகப் பிரியும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும்.