மாடத்தில் அமர்ந்து பார்த்தவர்கள்

1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு பெரிய விருந்து நடந்தது. வழக்கமாகக் குதிரைக் கண்காட்சியும் குத்துச்சண்டையும் நடக்கிற அரங்கு அது. அன்று அதன் தரைத்தளத்தில் நீள மேசைகளை வரிசையாகப் போட்டு, நகரத்து ஏழைகளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது இரட்சணிய சேனை. வீட்டுக்குக் கூடைகளில் கொடுத்தனுப்பியதையும் சேர்த்தால் ஏறத்தாழ 20,000 பேர் பசியாறினார்கள்.

இதுவரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரங்கில் மாடங்களும் இருந்தன. நகரத்தின் வசதியானவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, நல்ல உடை உடுத்தி வந்து, மேலே உட்கார்ந்து, கீழே ஏழைகள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். மறுநாள் நாளிதழ்களில் அதுவும் செய்தியானது.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு கேள்வி வந்தது. சரி, அந்த 20,000 பேருக்கான காசு வேறு எங்கிருந்து வந்திருக்கும்? தர்மத்துக்குப் பணம் திரட்ட விருந்து வைப்பது இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிறது. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களுக்கு அது ஏறக்குறைய வருடாந்தரச் சடங்கு. இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

கதை லண்டனில் தொடங்குகிறது. 1655ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் மன்னராட்சி வீழ்ந்து கிராம்வெல்லின் ஆட்சி. ஆங்கிலிக்கன் குருமார்கள் பலர் தங்கள் சபைகளிலிருந்து துரத்தப்பட்டு, குடும்பத்தோடு வறுமையில் கிடந்தார்கள். குருமார்களின் மகன்களாகப் பிறந்து லண்டனில் வியாபாரம் செய்து பிழைத்த சிலர், அந்தக் குடும்பங்களுக்கு உதவுவதற்காகத் தூய பவுல் பேராலயத்தில் கூடி ஒரு வழிபாடு நடத்தினார்கள். 'குருமார் மைந்தர்' என்றே அந்த அமைப்புக்குப் பெயர். 1678இல் இரண்டாம் சார்லஸிடமிருந்து அரச சாசனம் வாங்கினார்கள். வேறு பெயரில் இன்றும் இயங்குகிறது.

ஆண்டுதோறும் அவர்கள் நடத்திய விழாவுக்கு ஓர் ஒழுங்கு உருவானது. முதலில் பேராலயத்தில் இசையோடு வழிபாடு, பிரசங்கம். பிறகு விருந்து. பர்செல், ஹாண்டல் போன்றவர்களின் இசை அங்கே ஒலித்தது. பக்தி, இசை, சாப்பாடு, காணிக்கை என்ற நான்கும் ஒரே நாளில் ஒரே கூட்டத்துக்குள் வந்தன. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் தர்ம காரியங்கள் பலவும் இதே வழியில்தான் நடந்தன.

இதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதற்கு 1742இல் டப்ளினில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது விருந்தல்ல, கச்சேரி. ஹாண்டலின் 'மெசையா' முதன்முதலாக அரங்கேறிய நாள். கடன்பட்டுச் சிறையிலிருந்தவர்களை மீட்பதற்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் வருமானத்தைப் பகிர்ந்துகொடுப்பதாகத் திட்டம். ஏற்பாட்டாளர்கள் செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்தாமல் வரவேண்டும், ஆண்கள் வாள் இல்லாமல் வரவேண்டும். காரணம் ரொம்ப எளிது. இடம் மிச்சமாகும். 600 பேர் உட்காரும் கூடத்தில் 700 பேர் உட்காரலாம். அன்று ஏறத்தாழ 400 பவுண்டு சேர்ந்தது. 142 பேர் கடன் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். பாவாடை வளையத்தைக் கழற்றியதில் சிலருடைய விலங்கு கழன்றது என்று நினைக்கும்போது, இந்த ஏற்பாட்டாளர்கள்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் தர்ம விருந்து ஓர் இயந்திரம் போலவே ஆகிவிட்டது. அதன் பாகங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தலைவர். பிரபுவோ பிஷப்போ கிடைத்தால் நல்லது. அவர் பெயரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். அடுத்து 'ஸ்டூவர்டு' எனப்பட்ட பொறுப்பாளர்கள். இவர்கள் பெயர்கள் அழைப்பிதழில் அச்சாகும். அந்தக் கௌரவத்துக்கு விலை உண்டு. தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சீட்டு விற்க வேண்டும், விருந்துச் செலவில் துண்டு விழுந்தால் தங்கள் கையிலிருந்து போட வேண்டும். சீட்டு விற்ற காசு சாப்பாட்டுக்கும் ஒயினுக்குமே சரியாகப் போய்விடும். உண்மையான வருமானம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வரும். அரசருக்கு ஒரு வாழ்த்து, தலைவரின் உரை, பிறகு நன்கொடைப் பட்டியல். செயலாளர் எழுந்து ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தொகையாக வாசிப்பார். தொகைக்கு ஏற்பக் கைத்தட்டல். பக்கத்து மேசைக்காரன் இருபது கினி என்று கேட்டபிறகு ஒரு கினியோடு நிறுத்திக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

இதைப் பார்த்துச் சிரித்த இளைஞர் ஒருவர் இருந்தார். 23 வயதுப் பத்திரிகையாளர், சார்லஸ் டிக்கன்ஸ். 1835இல் பொது விருந்துகளைப் பற்றி அவர் எழுதிய கேலிச் சித்திரத்தில் கற்பனையான ஓர் அனாதை இல்லத்துக்கு விருந்து நடக்கிறது. எல்லோரும் வயிறார உண்டபின், இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக மேசைகளைச் சுற்றி நடக்கவைக்கிறார்கள். பிள்ளைகள் ஒருவர் குதிகாலை இன்னொருவர் மிதித்தபடி, கும்பிடு போட்டபடி, மேசைமேல் இருக்கும் ஒயினைப் பார்த்தபடி போகிறார்கள். கூட்டத்துக்கு ஏக திருப்தி. பெண் புரவலர்கள் மாடத்திலிருந்து பார்த்து மகிழ்கிறார்கள்.

அந்த மாடத்தைக் கவனியுங்கள். அக்காலத்து விருந்துகளில் பெண்களுக்குப் பெரும்பாலும் மேசையில் இடம் கிடையாது. பார்வையாளர் மாடம்தான். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக லண்டனில் தாமஸ் கோரம் நிறுவிய இல்லத்திலோ, ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த கனவான்கள் அது முடிந்ததும் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆக, மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது திடீரென்று முளைத்த வக்கிரம் இல்லை. பிறர் சாப்பிடுவதைப் பார்ப்பது தர்மத்தின் ஒரு பகுதியாகவே நெடுநாளாக இருந்துவந்தது. கொடுத்த காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கும் ஆசை அது. அந்த ஆசை மட்டும் தப்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஆனால் பார்க்கப்படுபவருக்கு அதில் எந்தப் பேச்சும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

கதையின் ருசியான பகுதி இனிமேல்தான். 1858 பிப்ரவரி 9 அன்று அதே டிக்கன்ஸ், புகழின் உச்சியில், ஒரு தர்ம விருந்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிரேட் ஆர்மண்டு தெருவில் 1852இல் வெறும் 10 படுக்கைகளோடு தொடங்கிய குழந்தைகள் மருத்துவமனை, பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. டிக்கன்ஸ் அன்று எந்தக் குழந்தையையும் மேசையைச் சுற்றி நடக்கவைக்கவில்லை. எடின்பரோவின் ஓர் ஏழைக் குடியிருப்பில், பழைய முட்டைப் பெட்டிக்குள் படுக்கவைக்கப்பட்டிருந்த ஒரு நோயாளிச் சிறுவனைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான். அன்று இரவே ஏறத்தாழ 3000 பவுண்டு சேர்ந்தது. பக்கத்து வீட்டை வாங்கி மருத்துவமனையைப் பெரிதாக்க முடிந்தது.

கேலி செய்தவர் அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தார் என்பதை முரண் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையை மேடையேற்றாமல் பிள்ளையின் கதையைச் சொல்ல முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தச் சிறுவனும் முட்டைப் பெட்டிக்குள் பார்க்கப்படுகிறவன்தான். ஆனால் அவன் அந்தக் கூடத்தில் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை.

*

மறுபடி நியூயார்க்குக்கு வருவோம். 1899இல் அமெரிக்க இரட்சணிய சேனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பிரடெரிக் பூத்-டக்கர். நம்மவர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமாக இருக்கவேண்டும்.

1853இல் பீகாரின் மோங்கீரில் பிறந்த ஆங்கிலேயர். ஐ.சி.எஸ். தேறிப் பஞ்சாபில் அதிகாரியாக இருந்தார். அந்த வேலையை உதறிவிட்டு இரட்சணிய சேனையில் சேர்ந்து, 1882 செப்டம்பரில் சின்னக் குழுவோடு பம்பாயில் வந்து இறங்கினார். பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டு, ஏழைகள் கொடுத்ததை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வெள்ளைக்கார மிஷனரிகள் பங்களாவில் சமையல்காரர் வைத்துச் சாப்பிட்ட காலம் அது. பம்பாய் அரசு அவரை ஊர்வலம் போனதற்காகச் சிறையில் போட்டது. பின்னர் சேனையின் நிறுவனர் வில்லியம் பூத்தின் மகள் எம்மாவை மணந்து தன் பெயரோடு பூத்தையும் சேர்த்துக்கொண்டார். நாகர்கோவில்காரர்களுக்குத் தெரிந்த கேதரின் பூத் மருத்துவமனை இருக்கிறதே, அந்தக் கேதரின் இவருடைய மாமியார்.

ஏழையின் கையிலிருந்து சோறு வாங்கித் தின்ற பக்கீர் சிங், பதினேழு ஆண்டுகள் கழித்து ஏழைக்கு அரங்கில் விருந்து வைத்து, பணக்காரர்களுக்கு மாடத்தில் இடம் கொடுத்தார். இரண்டும் ஒரே மனிதர். வில்லன் என்று அவரை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு பெருநகரத்தில் ஆயிரக்கணக்கானோரின் பசிக்குப் பொறுப்பேற்றவருக்குப் பிச்சைப் பாத்திரம் போதாது. விளம்பரம் வேண்டும், செய்தித்தாள் வேண்டும், பணக்காரரின் கண் வேண்டும். காரியம் பெரிதாகப் பெரிதாக மாடமும் உயர்ந்துகொண்டே போகிறது.

ஆனால் இதே சேனைக்குள் இன்னொரு வழியும் இருந்தது. 1891இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்பீ என்ற சேனை அதிகாரி, 1000 ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு போட நினைத்து, படகுத்துறையில் ஒரு பெரிய பானையைத் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் சில்லறை போட்டார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் வாசிக்கவில்லை. காலப்போக்கில் பெருவிருந்துகளும் மாறின. குடும்பங்களுக்கு மளிகைப் பொருட்களைக் கொடுத்து அவரவர் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடவைக்கும் வழக்கம் வந்தது. அப்பா அம்மாவே பிள்ளைகளுக்குப் பரிமாறலாம். அந்தச் சாப்பாட்டைப் பார்க்க யாருக்கும் சீட்டு விற்க முடியாது.

*

விருந்தைப் பற்றி இயேசுவே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார், லூக்கா 14ஆம் அதிகாரத்தில். விருந்து வைத்தால் உன்னைத் திருப்பி அழைக்கக்கூடிய சொந்தக்காரர்களையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, திருப்பிச் செய்ய முடியாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூப்பிடு என்பது அதன் சாரம். நிதி திரட்டும் விருந்து இதற்கு நேர் எதிர். திருப்பிக் கொடுக்க முடிந்தவர்களை மட்டுமே பார்த்துப் பார்த்துக் கூப்பிடுவது அது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த வசனம் இன்னும் கூர்மையாகக் குத்தியது. இங்கே கேள்வி, ஏழையைக் கூப்பிடுவதா என்பதோடு முடியவில்லை. யார் சமைத்ததை யார் தொடுவது என்பதாகவும் இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சைச் சபை கொந்தளித்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் கவிஞரே, சாதி வழக்கத்தைக் கைவிடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்தான். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விடவில்லை என்றே கருதியது. ஒரு கவளம் சோறு விசுவாசத்துக்குப் பரீட்சையானது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் தென்மாவட்டங்களின் 'அசனம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பண்டிகை முடிவில் சபையே சமைத்து ஊருக்கே போடும் சாப்பாடு. ஒருத்தர் ரெண்டு மூட்டை அரிசி நேர்ந்திருப்பார், இன்னொருத்தர் ஒரு கிடா. வேறு மதத்துக்காரர்களும் வந்து பந்தியில் உட்காருவார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்காருவதுதான் அதன் இலக்கணம். எல்லா ஊரிலும் அந்த இலக்கணம் மீறப்படாமல் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இலக்கணம் அதுதான்.

பணம் திரட்டுவது அசனத்தில் இல்லை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில். வாழைத்தார், கோழி, கருப்பட்டி, முட்டை என்று வீட்டில் விளைந்தது எல்லாம் கோயிலுக்கு வரும். ஒரு முட்டை நூறு, ஐந்நூறு என்று ஏறும். "எய்யா, முட்ட வெல அஞ்சு ரூவாதான், மிச்சம் ஆண்டவருக்கு" என்பார் எங்கள் ஆச்சி. ஆனால் அங்கும் மைக்கில் ஏலம் எடுத்தவர் பெயர்தான் ஒலிக்கும். முட்டையைக் கொண்டுவந்த கிழவி பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். லண்டன் செயலாளரின் பட்டியல் திருநெல்வேலி மைக்கிலும் ஒலிக்கத்தான் செய்கிறது.

இதற்கெல்லாம் மறுபக்கம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். 1903இல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் ஊழியத்துக்கு ஆள் அனுப்பத் துணிந்தது என்றால், இப்படிக் கொடுத்துப் பழகிய சபைகள் அதன் பின்னால் இருந்தன.

இன்றைய நட்சத்திர ஓட்டல் விருந்துகளில் ஸ்டூவர்டு இல்லை. பத்துப் பேரை அழைத்துவரும் 'மேசைப் பொறுப்பாளர்' இருக்கிறார். பட்டியல் வாசிப்பு இல்லை. மேசைமேல் உறுதிமொழி அட்டை இருக்கிறது. பிள்ளைகளின் ஊர்வலத்துக்குப் பதில் கண்கலங்க வைக்கும் காணொளியோ சாட்சியோ இருக்கிறது. இப்படி ஒரு விருந்தைத் திட்டமிடுபவர் என்னிடம் யோசனை கேட்டால், விருந்தே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். டிக்கன்ஸின் 3000 பவுண்டில் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆனால் இருக்கை வரைபடத்தைக் காட்டச் சொல்வேன். யாருக்காக இந்த விருந்தோ, அவர்களுக்கு அதில் எங்கே நாற்காலி போட்டிருக்கிறீர்கள்? மேசையிலா, மேடையிலா? காணொளியில் அழுகிற அந்தப் பெண், அதை வெளியிடும் முன் பார்த்தாரா? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்ததா? இதற்கெல்லாம் பதிலைத் தெரிந்துகொண்ட பிறகு அழைப்பிதழ் அச்சடிக்கலாம்.