டி.பி. என்று நினைத்தோம்

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதுங்க" என்றார்கள். இன்ஜினியருக்கு என்ன வரலாறு தெரியும்? எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஒரு நோயின் வரலாறு மட்டும் தெரியும்.

வ. புதுப்பட்டியில் ஒருவர் ரத்தமாக இருமினால், டாக்டருக்கு முன்பே ஊர் சொல்லிவிடும், "டி.பி.தாம்பா" என்று. 2010-ல் நான் நம் கல்லூரியில் மூன்றாமாண்டு படித்தபோது என் பெரியப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழிகள். சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டார். இடையில் மூக்கில் ரத்தம் வந்தது. "சூடு" என்று நாங்களே விட்டுவிட்டோம். கால் வீங்கி மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். அதிலும் ரத்தம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறு ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் அது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் ஒருசேரப் பிடிக்கும்.

முதல் டாக்டரைத் திட்ட எனக்கு மனமில்லை. நம் நாட்டில் காசநோயை முதலில் சந்தேகிப்பதே நியாயம். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியத்தில் இருப்பதுபோலக் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியதே, 1956-ல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம்தான். அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். மாத்திரை கேட்காதபோதும் அதே நினைப்பில் இருந்ததுதான் வினை.

இந்த நோயை 1931-ல் ஜெர்மனியில் கிளிங்கர் எழுதினார். 1936-லும் 1939-லும் வெக்னர் விரிவாக விளக்கியதால் அவர் பெயரே நிலைத்தது. அவர் நாஜிக் கட்சிக்காரர் என்பது பின்னால் வெளிவந்து, 2011-ல் பெயரை மாற்றினார்கள். இப்போது ஜி.பி.ஏ. என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இது வந்தால் மரணம்தான். சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாக 5 மாதம் என்று 1958-ல் வால்டன் கணக்கிட்டார். 1973-ல் அமெரிக்காவில் ஃபவுச்சியும் வுல்ஃபும், புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த சைக்ளோபாஸ்பமைடு இதற்குக் கேட்கிறது என்று எழுதினார்கள். (ஆமாம், கொரோனா காலத்தில் டி.வி.யில் வந்த அதே ஃபவுச்சிதான்!) ஸ்டீராய்டோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததும் ஆட்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். 1985-ல் 'ஆன்கா' என்ற ரத்தப் பரிசோதனைக்கு வழி பிறந்தது. ஆனால் சில சமயம் காசநோயாளிக்கும் ஆன்கா பாசிட்டிவ் காட்டும். அதனால் பல நேரம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள்.

ஆள் மாறிவிட்டால் ஆபத்து இரு பக்கமும் உண்டு. நிஜமான காசநோயாளிக்கு இந்த மருந்துகளை மட்டும் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி அடங்கி, கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

பெரியப்பாவுக்கு நுரையீரல் தெளிந்தது. சிறுநீரகம் திரும்பவில்லை. வாரம் இரண்டு நாள் விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கு டயாலிசிஸ் போய் வந்தார். பழைய எக்ஸ்ரேக்களை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த நான்கு மாதத்துச் சீட்டுகளைப் பிறகு நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றிலும் எழுதப்படவில்லை.