வண்டி மையும் வேகப்படகும்

ஏரிக்கரையில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது அந்த வாசனை. சுட்ட விளக்கெண்ணெய்! இங்கிலாந்தில், ஞாயித்துக்கிழமை காலையில், சுத்துவட்டாரத்தில் நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லாத இடத்தில் யாருங்க விளக்கெண்ணெய் காய்ச்சறது?

யாரும் காய்ச்சவில்லை. தண்ணீரில் ரெண்டடி நீளத்தில் ஒரு விளையாட்டுப் படகு தேனீக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு பறந்தது. வாசனை அதன் புகையில் இருந்து வந்தது. என் பொண்ணு அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ வேலந்தாவளத்துக்குப் போய்விட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க அம்முச்சி கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணியில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பார். தெருவே மணக்கும் (நாறும் என்பவர்களும் உண்டு!). கடைவீதியில் நாங்க விளக்கெண்ணெய் என்று கேட்போம், பக்கத்தில் நிற்கிறவர் ஆவணக்கெண்ணெ என்பார், கடைக்காரர் ஒரே டின்னில் இருந்துதான் ஊற்றுவார். எல்லை ஊர் அப்படித்தான். அந்த எண்ணெயில் ஒரு பங்கு தலைக்கு, ஒரு பங்கு வயித்துக்கு, ஒரு பங்கு வண்டிக்கு. வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் வண்டி மை. மாட்டுவண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயில் அது தொங்கும். சந்தைக்குக் கிளம்பும் முன்னால் கடையாணியைக் கழற்றி அச்சில் மை போடாமல் அப்பிச்சி மாட்டைப் பூட்டியதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாட்டுவண்டி அச்சில் போட்ட எண்ணெய் நிமிஷத்துக்கு 24,000 சுத்து சுத்தும் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது? அன்னிக்கு எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு எஞ்சினைக் கொன்றேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொண்ணு பிடித்த பிடியில் செகண்ட் ஹேண்டில் ஒரு படகு வாங்கினோம். 3.5 சிசி நைட்ரோ எஞ்சின். உள்ளங்கையில் அடங்கும். எரிபொருள் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், அதில் நைட்ரோமீத்தேன், கூடவே எண்ணெய். இது டூ ஸ்ட்ரோக். எண்ணெய் தேங்கி நிற்கத் தனியாகத் தொட்டி இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் தாங்கியையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுப் புகையோடு போய்விடும். தண்ணீரில் ஓடுவதால் ஏரித் தண்ணீரே குழாய் வழியாகச் சுத்தி வந்து எஞ்சினைக் குளிரவைக்கும்.

முதல் கோடையிலேயே அது போய்ச் சேர்ந்தது. நான் பி.காம். ஆள், எதையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம். மொத்தமாக ஓடியது சுமார் 6 மணி நேரம். இவ்வளவு காசு கொடுத்து 6 மணி நேரமா என்று வயிறு எரிந்தது. அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 24,000 சுத்து என்றால் மணிக்கு 14.4 லட்சம். எங்க ஊர்ப்பக்கம் கிணத்து மேட்டில் டக் டக் என்று ஓடிய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 650 சுத்துதான், மணிக்கு 39,000. இந்தக் குட்டி எஞ்சினின் ஒரு மணி நேரம் அந்தப் பெரிய எஞ்சினின் 37 மணி நேரத்துக்குச் சமம்! வினாடிக்கு 400 சுத்து, பிஸ்டன் வினாடிக்கு 800 தடவை நின்று திரும்புகிறது. தேய்மானத்தை மணியில் போடக்கூடாது, சுத்தில் போடணும் என்று அன்னிக்குப் புரிந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் அதே ஏரியில் ஒரு பெரியவரின் எஞ்சின் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. என் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். பின்பக்கத்து பால் பேரிங் செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருந்தது. பிஸ்டனின் மேல் விளிம்பு தேய்ந்து, கையால் சுத்தினால் இறுக்கமே இல்லை. இதை வேகம் கொல்லவில்லை, நீதான் கொன்றாய் என்பதை அந்த ஊர் நாசூக்கோடு சொன்னார். கடைசியில், எண்ணெயில் விளக்கெண்ணெய் எவ்வளவு என்று பார்த்தாயா என்று கேட்டார். இந்தக் கேள்வியை அம்முச்சி கேட்டிருக்கணும், ஒரு வெள்ளைக்காரர் கேட்கிறார்!

இந்தக் கதை ஆகாயத்தில் ஆரம்பிக்கிறது. பிரான்சின் செகுவின் சகோதரர்கள் 1909ஐ ஒட்டிக் கொண்டுவந்த 'க்னோம்' விமான எஞ்சின் ஒரு விசித்திரப் பிறவி. அதில் நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள்தான் விசிறியோடு சேர்ந்து சுத்தும். பெட்ரோலும் காற்றும் நடுத்தண்டின் பொந்து வழியாக எஞ்சினின் வயித்துக்குள் புகுந்துதான் சிலிண்டருக்குப் போகணும். அங்கே சாதாரண மினரல் ஆயில் இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலோடு எளிதில் சேராது. அதனால் அதுதான் ஊற்றப்பட்டது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையாக வெளியேறி விமானியின் முகத்தில் அடிக்கும். முதல் உலகப்போர் விமானிகளுக்கு அதனால் வயிறு கலங்கியது என்று ஒரு பிரபலமான கதை உண்டு. விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை :-)

அதே 1909ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி, விளக்கெண்ணெய் கலந்த ஒரு எஞ்சின் ஆயிலைக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். அதில் இருந்து அந்த ஆயிலுக்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். நம்மூர் மெக்கானிக் கடைகளில் பச்சை சிவப்பு போர்டில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அதற்குள் கொட்டமுத்து ஒளிந்திருந்தது எனக்கு நாப்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

போர் முற்றியபோது இந்த எண்ணெய்க்குப் பெரும் தட்டுப்பாடு. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, ஆசியாவில் இருந்து ஆமணக்கு விதையை வரவழைத்து, தன் தென் மாநிலங்களில் ஒரு லட்சம் ஏக்கர் அளவுக்குப் பயிர் செய்ய ஏற்பாடு செய்தது. சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் உட்பட அன்றைய சென்னை மாகாணத்தில் இது சாதாரணக் காட்டுப் பயிர். எங்க சித்தூர் தாலூகா அப்போது கொச்சி சமஸ்தானம். கருமண் பூமி, மழை குறைவு, கடலைக்காட்டு ஓரத்தில் நாலு ஆமணக்குச் செடி. யாரும் தண்ணி பாய்ச்சாத அந்தச் செடியின் எண்ணெயை நம்பித்தான் அன்னிக்கு ஆகாயத்தில் சண்டையே நடந்தது.

போர் முடிந்தது. சுத்தும் எஞ்சின்கள் வழக்கொழிந்தன. மினரல் ஆயில் மேம்பட்டது. காரும் விமானமும் விளக்கெண்ணெயைக் கைவிட்டன. காரணம் நியாயமானது. சூட்டில் அது பிசினாகப் படியும், கரி கட்டும். மாதக்கணக்கில் ஓடும் எஞ்சினுக்கு அது ஆகாது.

ஆனால் விளையாட்டு எஞ்சின்காரர்கள் விடவில்லை. 1940களில் வந்த குட்டி 'டீசல்' எஞ்சின்களுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் கலந்தார்கள். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் ரே ஆர்டன் 'க்ளோ பிளக்'கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டரி, காயில் எல்லாம் சுமக்காமல் மெத்தனாலில் எஞ்சின் ஓட வழி பிறந்தது. மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது. விளக்கெண்ணெய் கரையும்! அதன் கொழுப்பு அமிலத்தில் 90 சதவீதம் அளவுக்கு ரிசினோலிக் அமிலம். அதன் அமைப்பால் அது ஆல்கஹாலோடு சேர்கிறது, உலோகத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. எரிபொருள் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும்போது மற்ற எண்ணெய் ஆவியாகிவிடும். இது ஆவியாகாமல் தடித்து, ஒரு படலமாக நின்று தாங்கும். காரில் எது குறையாக இருந்ததோ அதுவே இங்கே உயிர் காக்கும் குணம்.

படகுக்கு இது இன்னும் முக்கியம். அலையில் துள்ளும்போது விசிறி தண்ணீரை விட்டு மேலே வரும். பாரம் இல்லாமல் எஞ்சின் ஒரே நொடியில் எகிறும். 1959ல் தொடங்கிய நாவிகா என்ற சர்வதேச மாடல் படகு அமைப்பின் போட்டிகளில் 3.5, 7.5, 15 சிசி என்று பிரிவுகள் உண்டு. பல படகுகள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் அரை மணி நேரம் வரை ஓடி, அதிகச் சுத்து வந்தவருக்கே வெற்றி. நடுவில் எஞ்சின் மடிந்தால் வேகம் இருந்து என்ன பிரயோஜனம்?

1960களில் இன்னொரு மாற்றம். கே அண்ட் பி எஞ்சின்களோடு பெயர் பெற்ற அமெரிக்கர் பில் விஸ்னீவ்ஸ்கி போன்றவர்கள் 'ஏபிசி' அமைப்பை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அலுமினியப் பிஸ்டன், பித்தளைக் குழாய், அதன் உள்சுவரில் குரோமியப் பூச்சு. வளையமே கிடையாது. குழாய் மேலே போகப் போகக் குறுகும். குளிராக இருக்கும்போது பிஸ்டன் மேல்முனையில் இறுகப் பிடிக்கும். சூடேறினால் பித்தளைக் குழாய் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். அதாவது இந்த எஞ்சின் சூட்டில் வாழப் பிறந்தது.

என் முதல் தப்பு இங்கேதான். புது எஞ்சினை மெதுவாகப் பழக்கணும் என்று அப்பா வாங்கிய பைக்கில் இருந்து படித்த பாடம். எரிபொருளைத் தாராளமாகத் திறந்து, குளிர்ந்த ஏரித் தண்ணியை முழுசாகப் பாய்ச்சி, சூடே ஏறாமல் ஓட்டினேன். ஒவ்வொரு சுத்திலும் பிஸ்டன் இறுகிய வாயில் இடித்து இடித்துத் தேய்ந்தது. பாசத்தில் பண்ணிய கொலை. பெரியவர் குளிர்காலத்தில் எஞ்சினின் தலையைச் சூடு பண்ணிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறார். (எங்க வீட்டில் தங்கமணியின் ஹேர் ட்ரையர் இப்போது பொதுச்சொத்து.)

ரெண்டாவது தப்பு, பொண்ணு முன்னால் பந்தா காட்ட ஊசியைத் திருகி எரிபொருளைக் குறைத்தது. வேகம் ஏறும், ஆனால் எரிபொருளோடு எண்ணெயும் குறையும். நான் வாங்கிய டப்பாவில் முழுக்க சிந்தெடிக் எண்ணெய். அது எஞ்சினைச் சுத்தமாக வைக்கும், ஆனால் அளவு மீறிய சூட்டில் விளக்கெண்ணெய் அளவுக்குத் தாங்காது. இன்னிக்குப் பலர் ரெண்டையும் கலந்துதான் ஊற்றுகிறார்கள். சுத்தத்துக்கு அது, ஆபத்துக்கு இது. இதைப் படித்துவிட்டு இந்தியன் கடைப் பாட்டிலை எஞ்சினில் ஊற்றிவிடாதீர்கள். எஞ்சினுக்கென்று பசை நீக்கிச் சுத்திகரித்தது தனியாக விற்கிறது.

மூணாவது தப்புதான் பேரிங்கைத் தின்றது. ஓட்டி முடித்ததும் அப்படியே பெட்டியில் வைத்தேன். மெத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சத்தில் அமிலம் இருக்கும். ஏரித் தண்ணியும் கொஞ்சம் புகுந்திருக்கும். ஒரு குளிர்காலம் போதாதா? ஓட்டம் முடிந்ததும் மிச்ச எரிபொருளை எரித்து முடித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் சுத்தி எல்லா இடத்துக்கும் பரப்பிவிட்டு மூடணும். ரெண்டு நிமிஷ வேலை.

யோசித்துப் பார்த்தால் மூணு தப்பும் எஞ்சின் வேகமாக ஓடியதால் வந்தது இல்லை. ஓடத் தொடங்கும்போதும், முறுக்கும்போதும், நிறுத்தும்போதும் நான் பார்க்காமல் விட்டதால் வந்தது. அப்பிச்சி 40 வருஷம் ஒரே அச்சை வைத்து வண்டி ஓட்டினார். இரும்பு நல்ல இரும்பு என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. மை போட்டியா என்று கேட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

இன்னிக்கு உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. எங்க ஊர்க் கடலைக்காடுகள் நிறைய தென்னந்தோப்பு ஆகிவிட்டன. போன தடவை போனபோது வாய்க்கால் மேட்டில் தானாக முளைத்த ஒரு செடியைத்தான் பொண்ணுக்குக் காட்ட முடிந்தது. நம்ம படகு எண்ணெய் இதுவா என்று கேட்டு, காயைத் தொட்டுப் பார்த்தாள். அம்முச்சி இருந்திருந்தால் வறுத்து, இடித்துக் காட்டியிருப்பார். எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது, வேடிக்கை பார்த்ததோடு சரி.

ரெண்டாவது எஞ்சின் இப்போது 20 மணி நேரத்தைத் தொட்டிருக்கிறது. நோட்டுக் கணக்கில் 2.88 கோடி சுத்து. இறுக்கம் அப்படியே இருக்கிறது. ஊசியைத் திருகும் உரிமை என்னிடம் இருந்து பறிக்கப்பட்டுவிட்டது, பொண்ணுதான் பார்க்கிறாள். அவள் அந்தக் கடைசிச் சொட்டுக்கு வைத்திருக்கும் பெயர் டப்பாவில் அச்சடித்த பெயர் இல்லை. போன வாரம் மழை தூறியதால் நான் காரில் உட்கார்ந்து அவசரப்படுத்தினேன். அவள் கரையில் குந்தி, எஞ்சினைக் கையால் நாலு சுத்து சுத்தி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு நிதானமாக வந்து கதவைத் திறந்தாள்.

"மை போட்டாச்சுப்பா, போலாம்."